பெண் ஹார்மோன்களும் உடலின் நீர்க்கணக்கும்

மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்களில் மோதிரம் இறுகுகிறது, ரவிக்கை பிடிக்கிறது, வயிறு உப்பிக்கொண்டு நிற்கிறது என்று சொல்லாத பெண்கள் குறைவு. உடம்பில் நீர் கோத்துக்கொண்டது என்பார்கள் வீட்டில். மருத்துவ நூல்களும் நெடுங்காலம் இதையேதான் சொல்லிவந்தன. 1931இல் நியூயார்க்கின் மகளிர் நோய் மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க், மாதவிடாய்க்கு முன்பு வரும் பதற்றத்தையும் உடல் வீக்கத்தையும் பெண் ஹார்மோனின் கணக்கில் எழுதினார். 1953இல் ரேமண்ட் கிரீனும் கேத்தரீனா டால்டனும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரையும் உடலில் தேங்கும் நீரின் மேல்தான் சந்தேகத்தை வைத்தது.

அதன் பிறகு வந்த ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் விஷயம் வேறுமாதிரி தெரிகிறது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும், உடம்புக்கு எவ்வளவு நீர் போதும் என்று மூளை வைத்திருக்கும் அளவையே இடம் மாற்றுகின்றன. சிறுநீரகம் உப்பைக் கையாளும் விதத்தையும், இரத்தக் குழாயிலிருந்து திசுவுக்குள் நீர் கசியும் அளவையும் மாற்றுகின்றன. இவை ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் சாதாரண நாளில் பெரிய வித்தியாசம் கண்ணில் படுவதில்லை. ஆனால் வெளியிலிருந்து அளவுக்கு மீறி நீர் உள்ளே போகும் நாளில் இந்த இடமாற்றம் உயிருக்கே உலை வைக்கலாம். உப்புசத்தைப் பற்றி இத்தனை பேசும் நாம் அந்த நாளைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம். இந்தக் கட்டுரையை எழுதவைத்த கவலை அதுதான்.

ஆணின் உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் நீர். பெண்ணுக்கு 50 சதவீதம். கொழுப்புத் திசுவில் நீர் குறைவு என்பதே இந்த வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காரணம். அந்த நீரில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள் இருக்கிறது. மிச்சம் செல்களுக்கு வெளியே: அதிலும் பெரும்பகுதி திசுக்களின் இடைவெளியில், சுமார் மூன்று லிட்டர் மட்டும் இரத்தத்தின் பிளாஸ்மாவாக. உடல் இங்கே இரண்டு கணக்குகளைத் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒன்று, இரத்தத்தின் செறிவு, அதாவது நீரில் எவ்வளவு உப்பும் பிற கரைபொருளும் இருக்கின்றன என்பது. மற்றது, மொத்தக் கொள்ளளவு. செறிவைக் காப்பது தாகமும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோனும். கொள்ளளவைக் காப்பது பெரும்பாலும் உப்பைப் பிடித்துவைக்கும் ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் வரிசை. பெண் ஹார்மோன்கள் இரண்டு கணக்கிலும் கை வைக்கின்றன. இந்தத் துறையில் நடந்த குழப்பத்தில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசியதால் வந்தது.

இரத்தத்தின் செறிவு ஒரு கிலோவுக்கு 280 முதல் 295 மில்லிஆஸ்மோலுக்குள் இருக்கும். அதை உணரும் கருவி மூளையில் இருக்கிறது என்பதைக் கேம்பிரிட்ஜின் எர்னஸ்ட் வெர்னி 1940களில் நாய்களின் கழுத்துத் தமனியில் உப்புக் கரைசலைச் செலுத்திக் காட்டினார். இன்று அந்த இடங்கள் துல்லியமாகத் தெரியும். ஹைப்போதலாமஸை ஒட்டி, இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே வழக்கமாக இருக்கும் தடுப்பு இல்லாத சில சிறு பகுதிகள் அவை. செறிவு ஒரு சதவீதம் உயர்ந்தாலே அங்குள்ள நரம்புச் செல்கள் சுருங்கிச் செய்தி அனுப்பும். பிட்யூட்டரியின் பின்பகுதி வாசோப்ரெசினை விடும். சிறுநீரகம் நீரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் உயர்ந்தால் தொண்டை வறளும். இந்தச் சிறு பகுதிகளிலும், வாசோப்ரெசினைச் செய்யும் செல்களிலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் இருப்பது விலங்கு ஆய்வுகளில் உறுதியானது. அப்படியானால் அங்கே ஈஸ்ட்ரோஜனுக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் விடாமல் துரத்தியவர் அமெரிக்காவின் நியூ ஹேவனில், யேல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஜான் பியர்ஸ் ஆய்வகத்தின் நீனா ஸ்டாக்கன்ஃபெல்ட். அவருடைய குழு கையாண்ட முறையைக் கொஞ்சம் அருகில் நின்று பார்ப்பது நல்லது. மாதச் சுழற்சியின் முன்பாதியையும் பின்பாதியையும் வெறுமனே ஒப்பிட்டால் எந்த ஹார்மோன் எதைச் செய்தது என்று பிரிக்க முடியாது. பின்பாதியில் இரண்டும் சேர்ந்தே உயர்கின்றன. ஆகவே மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் உத்தரவை மருந்து கொடுத்துத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். பெண்ணின் சொந்த ஹார்மோன்கள் தரைமட்டத்துக்கு இறங்கின. பிறகு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தோலில் ஒட்டும் பட்டையாகவும், புரோஜெஸ்டிரோனைத் தனியாகவும், இரண்டையும் சேர்த்தும் திரும்பக் கொடுத்தார்கள். ஒவ்வொரு நிலையிலும் அந்தப் பெண் சாய்வு நாற்காலியில் அமர, கைநரம்பில் 3 சதவீத உப்புக் கரைசல் இரண்டு மணி நேரம் மெதுவாக ஏறும். நம் இரத்தத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் உப்பான நீர் அது. இடையிடையே இரத்தம் எடுப்பார்கள். எவ்வளவு தாகமாக இருக்கிறது என்று காகிதத்தில் உள்ள ஒரு கோட்டில் அவரே குறி வைக்க வேண்டும். கரைசல் நின்ற பிறகு விரும்பிய அளவு தண்ணீர் குடிக்கலாம்.

முடிவு தெளிவாக இருந்தது. ஈஸ்ட்ரோஜன் உள்ளபோது, குறைந்த செறிவிலேயே வாசோப்ரெசின் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. தாகமும் முன்னதாகவே எழுகிறது. மருந்து எதுவும் கொடுக்காத இயல்பான சுழற்சியிலும் இதைப் பார்க்கலாம். கருமுட்டை வெளியான பிறகான பின்பாதியில் இரத்தத்தின் செறிவு நான்கைந்து மில்லிஆஸ்மோல் இறங்கி, புதிய இடத்தில் நிலைபெறுகிறது. தராசில் பொருளைக் கூட்டாமல் முள்ளின் நடுவிடத்தை நகர்த்தி வைத்தது போன்ற நிலை. அந்தப் புதிய இடத்தைச் சுற்றி உடல் முன்போலவே துல்லியமாக நீரைக் கையாளுகிறது. கூடுதலாகக் குடித்தால் கூடுதலாகவே சிறுநீர் போகிறது. ஸ்டாக்கன்ஃபெல்டின் ஆய்வுகளில் வாசோப்ரெசின் முன்கூட்டிச் சுரந்தும், மொத்த நீரிருப்பு அதற்கு ஏற்ப ஏறவில்லை. முன்னதாகச் சுரந்தால் அதிக நீர் தேங்கத்தானே வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு இது ஏமாற்றமான விடை. என் பார்வையில் இத்துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு இதுதான்.

உப்புக் கணக்குக்கு வந்தால் புரோஜெஸ்டிரோனின் நடத்தை இன்னும் சுவையானது. பெண் ஹார்மோன் என்றால் நீரைப் பிடிக்கும் என்ற பொது நம்பிக்கைக்கு நேர் எதிராக, புரோஜெஸ்டிரோன் உப்பை வெளியே தள்ளுகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாண்டாவும் கேத்லீன் லுகிபிலும் 1950களில் இதைக் காட்டினார்கள். ஆல்டோஸ்டிரோன் சிறுநீரகத்தில் போய் அமரவேண்டிய ஏற்பியில் புரோஜெஸ்டிரோன் தானே அமர்ந்து, அதை இயக்காமல் வெறுமனே அடைத்துக்கொள்கிறது. உப்பு சிறுநீரில் போகிறது. உடல் சும்மா இருக்குமா? ரெனின் உயர்கிறது, ஆல்டோஸ்டிரோன் உயர்கிறது. சுழற்சியின் பின்பாதியில் ஆல்டோஸ்டிரோன் முன்பாதியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காக இருக்கும். ஒரு கை திறந்துவிட, மறு கை இழுத்துப் பிடிக்க, உப்பிருப்பு ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. பின்பாதியில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஆல்டோஸ்டிரோன் கூடுதலாக இருந்தால் பயந்துவிடக் கூடாது. சோதனைச் சீட்டில் மாதவிடாய் தொடங்கிய தேதியை எழுதாமல் அந்த எண்ணைப் படிப்பதில் அர்த்தமே இல்லை.

இந்த ஏற்பியில் ஒரே ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதை 2000ஆம் ஆண்டு சயன்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரை காட்டியது. யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லிஃப்டனின் ஆய்வகத்தில் டேவிட் கெல்லரும் சகாக்களும், கடுமையான இரத்த அழுத்தம் இருந்த பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் தொடங்கினார்கள். அவன் உடலில் ஆல்டோஸ்டிரோன் மிகக் குறைவு. ஆனாலும் சிறுநீரகம் உப்பை வாரிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆல்டோஸ்டிரோன் ஏற்பியின் 810ஆம் இடத்தில் செரின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக லூசின் இருந்தது. அந்த மாற்றத்தால், வழக்கமாக ஏற்பியை அடைக்கும் புரோஜெஸ்டிரோன் அதை முழுவீச்சில் இயக்கத் தொடங்கியது. கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் நூறு மடங்குவரை உயரும் அல்லவா? அதே குடும்பத்தில் இந்த மாற்றத்தைச் சுமந்த இரண்டு பெண்களின் ஐந்து கர்ப்பங்களிலும் இரத்த அழுத்தம் எல்லை மீறியிருந்தது. ஏற்பியை அடைக்கக் கொடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரைகூட இவர்களுக்கு எதிர்மாறாக வேலை செய்யும். இது மிக அபூர்வமான குடும்பம். ஆனால் கோடிக்கணக்கான பெண்களின் உடலில் புரோஜெஸ்டிரோன் ஓசையின்றிச் செய்துவரும் காவல் வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

அப்படியென்றால் மோதிரம் ஏன் இறுகுகிறது? பெண்கள் சொல்வது கற்பனை என்று சொல்லிவிட்டுப் போவது தவறு. பல மருத்துவர்கள் அந்தத் தவறைச் செய்திருக்கிறார்கள். நீரின் மொத்தம் அதிகம் மாறாவிட்டாலும் அது இருக்கும் இடம் மாறலாம். தந்துகிகளின் சுவர் வழியே நீர் வெளியே போவதும் திரும்புவதும், இரத்த அழுத்தமும் ஆல்புமின் புரதத்தின் இழுவிசையும் நடத்தும் பேரம் என்று எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1896இலேயே விளக்கினார். ஈஸ்ட்ரோஜன் இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. இரண்டு ஹார்மோன்களும் இந்தப் பேரத்தில் தலையிடுவதால் நீர் திசுக்களுக்கும் இரத்தத்துக்கும் இடையே நகர்கிறது. புரோஜெஸ்டிரோன் தனியாகவே பிளாஸ்மாவின் கொள்ளளவைக் கூட்டுகிறது என்றும் ஸ்டாக்கன்ஃபெல்டின் குழு கண்டது. இதோடு புரோஜெஸ்டிரோன் குடலின் அசைவையும் மந்தப்படுத்தும். வயிற்று உப்புசத்தில் ஒரு பங்கு காற்றும் மலமும்தான், நீர் அல்ல.

நேரமும் பொதுக்கருத்தோடு ஒத்துப்போகவில்லை. கனடாவின் வான்கூவரில் ஜெரிலின் பிரயரின் குழு 62 ஆரோக்கியமான பெண்கள் ஓராண்டு எழுதிய நாட்குறிப்புகளை, 765 மாதச் சுழற்சிகளை, அலசி 2011இல் வெளியிட்டது. வீக்க உணர்வு உச்சத்தைத் தொட்டது மாதவிடாயின் முதல் நாளில். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் அன்று இறங்கிக் கிடக்கும். கருமுட்டை வெளிவராத, ஆகவே புரோஜெஸ்டிரோன் உயராத சுழற்சிகளிலும் வீக்க உணர்வு கிட்டத்தட்ட அதே அளவு இருந்தது. எடையை அளந்த ஆய்வுகளில் மாதவிடாய் நாட்களில் கூடுவது சராசரியாக அரை கிலோ அளவுதான். ஹார்மோன் உச்சத்தில் இருப்பதைவிட, அது சரியும் வேகம்தான் காரணமோ என்ற சந்தேகம் இதனால் வலுக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகவேண்டும். சிறுநீர் பிரியும் மாத்திரையை மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் பெண்களிடம் இருக்கிறது. எடை குறைகிறது என்ற மகிழ்ச்சி வேறு. லண்டனில் கிரகாம் மெக்கிரிகரின் குழு 1979இல் லான்செட் இதழில் எழுதியதை அவர்கள் அறிய வேண்டும். காரணம் தெரியாத வீக்கம் என்று சொல்லப்பட்டுப் பல ஆண்டுகளாக இந்த மாத்திரையில் இருந்த பெண்களிடம் அதை நிறுத்தச் சொன்னார்கள். முதல் சில நாட்களில் எடை ஏறியது, வீக்கம் அதிகமானது. பிறகு பெரும்பாலோருக்குத் தானாக வடிந்துவிட்டது. மாத்திரை உப்பை விரட்ட, உடல் ரெனினையும் ஆல்டோஸ்டிரோனையும் உச்சத்தில் வைத்துக் காத்திருந்திருக்கிறது. ஒரு வேளை தவறினாலும் உப்பும் நீரும் வெள்ளமாகத் திரும்பும். வீங்கிய பெண் மறுபடி மாத்திரைக்கே ஓடுவாள். மாதவிடாய்க்கு முந்தைய தொல்லை மிகக் கடுமையாக உள்ளவர்களுக்கு ஸ்பைரனோலாக்டோன் உதவியதாகச் சில சிறு ஆய்வுகள் சொல்வது உண்மை. அது மருத்துவர் எழுதி, பொட்டாசியத்தைப் பார்த்துக்கொண்டு கொடுக்க வேண்டிய மருந்து.

இதுவரை சொன்ன எல்லாமே கர்ப்பத்தில் பல மடங்கு பெரிதாக நடக்கிறது. கரு தங்கிய முதல் பத்து வாரங்களுக்குள்ளேயே இரத்தத்தின் செறிவு சுமார் 10 மில்லிஆஸ்மோல் இறங்கிவிடும். சோடியம் லிட்டருக்கு நான்கைந்து மில்லிமோல் குறையும். சாதாரண பெண்ணுக்குக் கவலை தரும் எண் கர்ப்பிணிக்கு இயல்பு. இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜான் டேவிசனும் சிகாகோவில் மார்ஷல் லிண்ட்ஹெய்மரும் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்து, தாகத்தின் தொடக்க அளவும் வாசோப்ரெசினின் தொடக்க அளவும் கர்ப்பத்தில் ஒன்றாக இறங்குவதைக் காட்டினார்கள். இதற்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதாது. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் கோடாகத் தெரியும் அதே எச்.சி.ஜி ஹார்மோனும், அது தூண்டிவிடும் ரிலாக்சினும் இதில் முக்கியப் பங்கு வகிக்கின்றன. ஃபிரெடெரிக் ஹிசா 1926இல் இடுப்பு எலும்பின் இணைப்பைத் தளர்த்தும் பொருளாகக் கண்டறிந்த ரிலாக்சின், மூளையின் தாக மையத்தையும் தொடுகிறது என்பது பிற்காலத்தில் எலிகளில் தெரியவந்தது.

கர்ப்பம் முடிவதற்குள் உடலில் ஆறு முதல் எட்டு லிட்டர் நீர் கூடும். பிளாஸ்மா 40 முதல் 50 சதவீதம் பெருகும். ஈஸ்ட்ரோஜன் கல்லீரலை ஆஞ்சியோடென்சினோஜன் என்ற மூலப்பொருளை அதிகம் செய்யவைக்க, ஆல்டோஸ்டிரோன் பல மடங்கு உயர்கிறது. புரோஜெஸ்டிரோன் அதை மட்டுப்படுத்துகிறது. நஞ்சுக்கொடி தன் பங்குக்கு வாசோப்ரெசினைச் சிதைக்கும் நொதி ஒன்றைச் செய்கிறது. அபூர்வமாகச் சிலரிடம் இந்த நொதி மிஞ்சிப்போய், லிட்டர் லிட்டராகச் சிறுநீர் போய்த் தாகம் தாங்கமுடியாமல் ஆகும். இது சர்க்கரை நோய் அல்ல. அந்த நொதியால் சிதைக்க முடியாத டெஸ்மோப்ரெசின் என்ற செயற்கை வாசோப்ரெசினைக் கொடுத்தால் அடங்கும். பிரசவத்துக்குப் பின் தானே மறையும்.

கர்ப்பிணியின் கால் வீக்கத்தைப் பகையாகப் பார்த்த காலம் ஒன்று உண்டு. உப்பைக் குறை, சிறுநீர் மாத்திரை போடு என்று 1950களிலும் 60களிலும் மேற்கத்திய மருத்துவமனைகள் வழக்கமாகவே செய்தன. மார்கரெட் ராபின்சன் 1958இல் லான்செட்டில் வெளியிட்ட, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட லண்டன் பெண்களைப் பற்றிய ஆய்வில், உப்பைக் குறைக்கச் சொன்னவர்களுக்குத்தான் கர்ப்பகால நச்சு நிலை அதிகம் வந்திருந்தது. நச்சு நிலை என்று அன்று சொன்ன அந்தக் கர்ப்பகால இரத்த அழுத்த நோயில் திசுக்கள் வீங்கியிருந்தாலும் குழாய்க்குள் பிளாஸ்மா குறைந்து கிடக்கும் என்பது பிறகு தெளிவானது. அங்கே மாத்திரை கொடுத்து நீரை விரட்டுவது நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தத்தைக் குறைப்பதாகும். நம் வீடுகளிலும் கால் வீங்கினால் பார்லிக் கஞ்சி கொடுத்து, சாப்பாட்டில் உப்பை அடியோடு நிறுத்துவார்கள். கஞ்சியால் கெடுதல் இல்லை. உப்பை நிறுத்துவது வேண்டாத வேலை. மாலையில் கணுக்காலில் மட்டும் வீங்கி, இரத்த அழுத்தமும் சரியாக இருந்தால் காலை உயர்த்தி வைத்தாலே போதும். முகமும் கையும் திடீரென வீங்கி, தலைவலியோ பார்வை மங்கலோ சேர்ந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

இனி, ஆரம்பத்தில் சொன்ன கவலைக்கு வருகிறேன். பிரசவ அறையில் வலி வருவதற்காக ஏற்றும் டிரிப்ஸில் இருப்பது ஆக்சிடோசின். ஒன்பது அமினோ அமிலங்களில் இரண்டே இரண்டில்தான் அது வாசோப்ரெசினிடமிருந்து வேறுபடுகிறது. அதிக அளவில் கொடுத்தால் சிறுநீரகத்தில் வாசோப்ரெசினைப் போலவே நீரைப் பிடிக்கும். அதை எதில் கலந்து ஏற்றுகிறார்கள் என்பது முக்கியம். நாம் எந்த டிரிப்ஸையும் குளுக்கோஸ் பாட்டில் என்றே சொல்லிவிடுகிறோம். பாட்டிலுக்குப் பாட்டில் இருக்கும் வேறுபாடு அந்தப் பெயரில் மறைந்துபோகிறது. 5 சதவீத குளுக்கோஸ் கரைசலில் உள்ள சர்க்கரையைச் செல்கள் எடுத்துக்கொண்டதும் மிஞ்சுவது வெறும் நீர். ஏற்கெனவே சோடியம் இறங்கியிருக்கும் கர்ப்பிணி, நீரை வெளியேற்ற விடாத மருந்து, மேலே மேலே வெறும் நீர். இது போதும். ஸ்வீடனில் விபேக்கே மோயனும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்தின்போது வாய் வழியாகவும் நரம்பு வழியாகவும் இரண்டரை லிட்டருக்கு மேல் நீர் போன 61 பெண்களில் 16 பேருக்கு சோடியம் லிட்டருக்கு 130 மில்லிமோல் அல்லது அதற்கும் கீழே இருந்தது. வாந்தி, தலைவலி, மயக்கம் எல்லாம் பிரசவ வலியின் அலுப்பாகவே பார்க்கப்படும். வலிப்பு வந்த பிறகுதான் சோடியத்தைப் பார்ப்பார்கள். தாயின் சோடியம் இறங்கினால் குழந்தையின் சோடியமும் சேர்ந்தே இறங்கும்.

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய கதை இன்னும் கனமானது. அமெரிக்க மருத்துவர் ஆலன் ஏரியெஃப் 1986இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில், திட்டமிட்ட சாதாரண அறுவை சிகிச்சைக்கு நலமாகவே வந்த 15 பெண்களைப் பற்றி எழுதினார். இரண்டு நாட்களுக்குள் அவர்களுடைய சோடியம் சராசரியாக 108க்கு இறங்கியது. வலிப்பு வந்தது, மூச்சு நின்றது. சிலர் இறந்தார்கள், மற்றவர்கள் மீளாத மூளைச் சேதத்தோடு மிஞ்சினார்கள். 1992இல் அவரும் யுவான் கார்லோஸ் ஆயுஸும் சேர்ந்து, இதே அளவு சோடியம் இறங்கினாலும் மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு மரணமோ மூளைச் சேதமோ நேரும் ஆபத்து, ஆண்களோடு ஒப்பிட்டால் இருபத்தைந்து மடங்குக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். சோடியம் இறங்கும்போது வீங்கும் மூளைச் செல்கள் உப்பை வெளியே இறைத்துத் தப்பிக்கின்றன; அந்த இறைப்பு நொதியை ஈஸ்ட்ரோஜன் மந்தப்படுத்துகிறது என்று எலி ஆய்வுகள் காட்டின. இந்தக் கணக்கை எல்லோரும் ஏற்கவில்லை. மேயோ கிளினிக்கின் ஈல்கோ வைடிக்ஸ் தங்கள் மருத்துவமனைப் பதிவேடுகளில் தேடி, இளம் ஆரோக்கியமான பெண்களிடம் அப்படி ஒரு தொகுப்பே காணவில்லை என்று 1994இல் எழுதினார். இருபத்தைந்து மடங்கு என்ற எண் மிகையாக இருக்கலாம் என்றே நானும் நினைக்கிறேன்; கடுமையான நோயாளிகளை மட்டும் சேர்த்து எடுத்த கணக்கு அது. ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பின் வலியும் குமட்டலுமே வாசோப்ரெசினை உயர்த்தும். அந்த நேரத்தில் உப்பற்ற கரைசலை ஏற்றக் கூடாது என்ற முடிவுக்கு அந்த எண் தேவையே இல்லை. தலைவலி, வாந்தி என்று சொல்லும் பெண்ணுக்குத் தூக்க மருந்துக்கு முன் சோடியம் பார்க்க வேண்டும் என்பதற்கும் தேவையில்லை.

ஓட்டப்பந்தயங்களிலும் இதே ஆபத்து பேசப்படுகிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய ஓர் இளம்பெண் சோடியம் இறங்கி இறந்தார். அதே பந்தயத்தில் 488 பேரின் இரத்தத்தை ஆராய்ந்தபோது 13 சதவீதத்தினருக்கு சோடியம் குறைந்திருந்தது. பெண்களில் 22 சதவீதம், ஆண்களில் 8. உடனே ஹார்மோனைக் கை காட்டிவிடத் தோன்றும். ஆனால் எடை, ஓடிய நேரம், ஓட்டத்தின்போது கூடிய எடை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தபோது ஆண் பெண் வித்தியாசம் நிற்கவில்லை. சிறிய உடம்பு, மெதுவான ஓட்டம், வழியெல்லாம் நிறுத்திக் குடிக்க வாய்ப்பு: இவையே பெரும்பாலும் காரணம். தாகம் எடுக்கும் முன்பே குடி என்ற அறிவுரைதான் அங்கே கொன்றது.

கருத்தடை மாத்திரைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். பெரும்பாலானவற்றில் உள்ள எத்தினைல் எஸ்ட்ரடையால் கல்லீரலைத் தாண்டிப் போகும்போது ஆஞ்சியோடென்சினோஜனைப் பல மடங்கு கூட்டுகிறது; சிலருக்கு இரத்த அழுத்தம் ஏறுவதற்கு இது ஒரு காரணம். தோல் வழியே போகும் இயற்கை ஈஸ்ட்ரோஜனுக்கு இந்தத் தொல்லை குறைவு. மாத்திரையில் சேர்க்கும் செயற்கைப் புரோஜெஸ்டிரோன் வகைகள் பலவற்றுக்கு உப்பைத் தள்ளும் குணம் கிடையாது. ஸ்பைரனோலாக்டோனின் உறவான டிரோஸ்பைரினோன் அந்தக் குணத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. அதன் 3 மில்லிகிராம், ஸ்பைரனோலாக்டோன் 25 மில்லிகிராமுக்குச் சமம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் ஏறும் என்பதால் அது ஆகாது.

குழந்தைப்பேற்றுக்கான ஐ.வி.எஃப் சிகிச்சையில்தான் நீர்க்கணக்கு கண்ணெதிரே குலைவதைப் பார்க்க முடியும். பல கருமுட்டைகளை முதிரவைத்து எச்.சி.ஜி ஊசி போட்டபின், சிலரின் சினைப்பைகள் மிகையாகத் தூண்டப்பட்டு, இரத்தக் குழாய்களைக் கசியவைக்கும் வி.இ.ஜி.எஃப் என்ற பொருளைச் சுரக்கின்றன. வயிற்றுக்குள் லிட்டர் கணக்கில் நீர் இறங்கும், இரத்தம் கெட்டியாகும், அதே நேரம் சோடியமும் குறையும். இரத்தம் கெட்டியாகும்போது சோடியம் ஏன் குறைய வேண்டும்? தாகமும் வாசோப்ரெசினும் தொடங்கும் அளவு இந்தப் பெண்களிடம் இறங்கியிருப்பதை நியூகாசில் குழு கண்டது. கர்ப்பத்தில் நடக்கும் அதே இடமாற்றம். எச்.சி.ஜிக்குப் பதில் வேறு வகை ஊசியால் கருமுட்டையை முதிரவைத்து, கருவை உறையவைத்து அடுத்த மாதம் பதிப்பதால் இந்த ஆபத்து இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. இந்தச் சிகிச்சையில் இருப்பவர்கள் வயிறு வேகமாகப் பெருத்தாலோ, எடை ஒரே நாளில் ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாதாந்திர உப்புசம் என்று பொறுத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது.

மாதவிடாய் நின்ற பிறகு உப்பின் கணக்கு வேறு பக்கம் திரும்புகிறது. கருப்பையோடு சினைப்பைகளையும் அகற்றிக்கொண்ட 40 பெண்களை முன்னும் பின்னும் அளந்த மயாமி ஆய்வு ஒன்றில், உப்புக்கு ஏற்ப இரத்த அழுத்தம் ஏறுபவர்களின் எண்ணிக்கை அறுவை சிகிச்சைக்குப் பின் இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது. சில மாத இடைவெளியில் வயது கூடி இது நடந்திருக்க முடியாது. ஐம்பதைத் தாண்டிய பெண்களிடம் ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைக்கச் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

இந்த வயதில் பலரை வாட்டுவது இரவில் அடிக்கடி சிறுநீருக்கு எழுவது. அதற்குக் கொடுக்கும் டெஸ்மோப்ரெசின், வாசோப்ரெசினின் செயற்கை வடிவம். சிறுநீரகத்தில் அது அமரும் ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு இரண்டு பிரதிகள் உண்டு, அவற்றில் ஒன்று முழுமையாக அடங்குவதில்லை என்பது ஒரு விளக்கம். காரணம் எதுவானாலும், ஆணுக்கு வேண்டியதைவிடக் குறைந்த அளவே பெண்ணின் சிறுநீரகத்துக்குப் போதும் என்பது மருந்துச் சோதனைகளில் தெளிவானது. ஒரே அளவு கொடுத்தபோது சோடியம் இறங்கியதும் பெண்களுக்குத்தான் அதிகம். ஆகவே நாக்கின் அடியில் கரையும் அந்த மாத்திரை பெண்களுக்கு 25 மைக்ரோகிராம், ஆண்களுக்கு 50 மைக்ரோகிராம் என்று தனித்தனி அளவில் அனுமதி பெற்றது. 65 வயதைத் தாண்டியவர் என்றால் தொடங்கும் முன்பும், முதல் வாரத்திலும், ஒரு மாதம் கழித்தும் சோடியத்தைப் பார்க்க வேண்டும். மாத்திரை போட்ட இரவில் தண்ணீரைக் குறைத்துக் குடிக்க வேண்டும்.